வட எல்லையில் ஓர் ஆண்டு



ஏதேனும் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அதன் அரசியல் நிகழ்ச்சிகள் ஊர் மக்களின் வாழ்வை எவ்வாறு தொட்டன என்று பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டனர். நான் 1953-ஆம் ஆண்டைத் தேர்ந்துகொண்டேன். அந்த ஆண்டில் நான் பிறக்கவே இல்லை, 1960-இல் பிறந்தவன். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த ஆண்டைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததே கிடையாது. என் தந்தையார் அப்போது ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியர். நானும் ஆசிரியப் பயிற்சி பெற்று, தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே தந்தை சொன்னதைப் பின்னாளில் படித்தறிந்த செய்திகளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு நிறையவே கிடைத்தது.

என் ஊர் ஊத்துக்கோட்டை. சென்னையிலிருந்து செங்குன்றம், பெரியபாளையம் வழியாக நாகலாபுரம், புத்தூர் கடந்து திருப்பதிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைக் கண்டிருப்பார்கள். ஆரணியாறு எங்களை ஒட்டி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மழைக்காலத்து வார்த்தை; மற்ற நாட்களில் மணல்தான். ஆற்றுக்கு அப்பால் சிறிது தொலைவு சென்றால் ஆந்திரம். கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். தெலுங்கில் திட்டினால் தமிழில் சமாதானம் சொல்வார்கள். இந்த வழக்கத்தில் யாரும் குறை காண்பதில்லை.

1953-ஆம் ஆண்டின் கதை அதற்கு முந்திய டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி ராஜ்யம் வேண்டும் என்று பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19 அன்று சென்னை மயிலாப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கினார். 58 நாட்கள் உணவின்றி இருந்து டிசம்பர் 15 இரவு உயிர் நீத்தார். ஆந்திர ஜில்லாக்களில் கொந்தளிப்பு மூண்டது. ரயில்கள் நிறுத்தப்பட்டன, துப்பாக்கிச் சூடு நடந்தது, பல உயிர்கள் போயின. நான்கு நாட்களுக்குப்பின், டிசம்பர் 19 அன்று, பிரதம மந்திரி நேரு ஆந்திர ராஜ்யம் அமையும் என்று பார்லிமெண்டில் அறிவித்தார். சென்னை நகரம் அதில் சேராது என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அந்நாளில் இரண்டு பத்திரிகைகள் வருமாம்: ஒன்று தினமணி, மற்றொன்று ஆந்திர பத்திரிகா. இரண்டும் சென்னையில் அச்சாகி ஒரே பேருந்தில் வந்திறங்கும். ஒரே செய்தியைத் தமிழில் ஒருவர் படிக்க, தெலுங்கில் மற்றொருவர் படிக்க, சென்னை யாருக்கு என்ற கேள்விக்கு அங்கேயே இரண்டு தீர்ப்புகள் கிடைத்துவிடும் என்று தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்வார்.

சிரிப்பாய் முடிகிற விஷயமாக அது அன்று தோன்றவில்லை. புது ராஜ்யத்தின் வரவு செலவு முதலியவற்றை ஆராய நீதிபதி வாஞ்சூ நியமிக்கப்பட்டார். சில ஆண்டுகளுக்கு ஆந்திரத்தின் தலைநகர் சென்னையிலேயே தற்காலிகமாக இயங்கலாம் என்பது அவர் கருத்து. தற்காலிகமாய் வந்த விருந்தாளி திரும்பிப் போகமாட்டார் என்ற அச்சம் சென்னையில் பரவியது. முதன் மந்திரி ராஜாஜி இதை உறுதியாக எதிர்த்தார். தமிழரசுக் கழகத்தின் தலைவர் ம.பொ.சிவஞானம், தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று முழங்கினார். இறுதியில் மார்ச் 25 அன்று, ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று நேரு அறிவித்தார். சென்னை தப்பியது என்று தமிழர் பெருமூச்சு விட்டனர். அதே நாளில் எங்கள் தெலுங்கு நண்பர்கள் சிலர் வீட்டில் விளக்கேற்றவே மனமில்லாமல் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் சென்னைச் சந்தைக்குக் காய்கறியும் கடலையும் அனுப்பியவர்கள்.

தலைநகர் வழக்கு இவ்வாறு முடிந்தபோது எல்லை வழக்கு முடியாமல் நின்றது. விவாதத்துக்கு இடமில்லாத தெலுங்கு ஜில்லாக்கள் என்று எண்ணப்பட்ட வரிசையில் சித்தூரும் இருந்தது. அந்த ஜில்லாவின் திருத்தணிப் பகுதியிலோ தமிழ் பேசுவோர் நிறைந்திருந்தனர். தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறுகிறது. அந்த மலையையே கேட்டவர்கள் உண்டு, திருத்தணியேனும் கிடைத்தால் போதும் என்றவர்களும் உண்டு. தமிழாசிரியர் மங்கலங்கிழார் அப்பகுதி ஊர்களில் தமிழ் கற்பித்து மக்களை விழிப்படையச் செய்தவர். ம.பொ.சி. அவருடன் சேர்ந்து போராடினார், சிறையும் சென்றார். வட எல்லைப் போராட்டம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். மறியல், சிறை, தடியடி எல்லாம் திருத்தணிப் பக்கத்தில் நடந்தன. எங்கள் பக்கத்துக்கு அவற்றின் எதிரொலி மட்டுமே வந்து சேர்ந்தது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் பாட்டியார் பேசியது தெலுங்கு. என் தந்தையார் தாய்மடியில் கேட்டதும் அதுவே. பள்ளியில் தமிழ் படித்து, தமிழில் தேறி, தமிழ் வாத்தியாராய் ஆனவர் அவர். 1951-இல் மக்கள் கணக்கு எடுக்கும் வேலை, வழக்கம்போல, ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. தாய்மொழி என்ற இடத்தில், தொட்டிலிலிருந்து பேசிய மொழியைக் குறிக்க வேண்டும் என்பது விதி. வீடு வீடாய்ச் சென்று எழுதியவர் கடைசியில் தம் பெயருக்கு வந்தபோது, விதிப்படி தெலுங்கு என்றே எழுதினார். வேறு எந்த மொழி தெரியும் என்ற அடுத்த கட்டத்தில் தமிழ் என்று எழுதினார். ஒரு தமிழ் வாத்தியார் சர்க்கார் ஏட்டில் தெலுங்கர் கணக்கில் ஏறிய விதம் இது. அப்போது அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஊரில் பாதிப்பேர், ஐயா, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னார்களாம்.

அவர் வேலை பார்த்த பள்ளி சத்தியவேட்டுப் பக்கத்து ஒரு கிராமத்தில் இருந்தது. ஊரின் பெயர் வேண்டாம். சத்தியவேடு அந்நாளில் சென்னை ராஜ்யத்தின் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆதலால் 1953-இல் வரையப்பட்ட கோடு அந்த ஊருக்கு அப்பாலேயே விழுந்தது. பள்ளியில் நான்கு ஆசிரியர்கள். இருவர் தமிழ்ப் பிரிவு, இருவர் தெலுங்குப் பிரிவு. ஓட்டுக் கட்டடத்தின் நடுவே சுவர் இல்லை, ஒரு தட்டி மட்டும். இந்தப் பக்கம் வாய்பாடு ஒப்பித்தால் அந்தப் பக்கம் கேட்கும். தெலுங்கு ஆசிரியரைப் பிள்ளைகள் அய்யவாரு என்று அழைப்பார்கள், தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான். என் தந்தையார் எல்லாருக்கும் ஐயா. விளையாட்டு மணியில் முற்றம் ஒன்று, கிட்டிப்புள்ளும் ஒன்று.

இந்தப் பள்ளிக்கு 1953 ஜூனில் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. ராஜாஜி சர்க்காரின் திருத்திய ஆரம்பக் கல்வித் திட்டம் அது. நகரசபைகளுக்கு வெளியே, கிராமப் பள்ளிகளில், பிள்ளைகள் நாளொன்றுக்கு 5 மணி நேரம் படித்தது 3 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. காலையில் ஒரு தொகுதி, மாலையில் ஒரு தொகுதி. பள்ளி இல்லாத வேளையில் பிள்ளைகள் பெற்றோரிடம் இருந்து அவர்கள் செய்யும் தொழிலைப் பழக வேண்டும்.

நான் தலைமையாசிரியனாய் இருந்தவன். இடப் பற்றாக்குறை என்ன என்று எனக்குத் தெரியும். அன்று பள்ளி வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கு வெளியே இருந்தனர். புதுக் கட்டடத்துக்கும் புது ஆசிரியர்க்கும் பணம் இல்லை. உள்ள கட்டடத்தில் உள்ள ஆசிரியரைக் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்று கணக்குப் போட்டவர் ராஜாஜி. கணக்கில் பிழை இல்லை. கைத்தொழில் கல்விக்கு உகந்தது என்ற கொள்கைக்கும் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியில் வேர் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு அந்தத் திட்டத்தைப் பேசுவது நேர்மையன்று.

ஆனால் தகப்பன் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்ற சொல், ஒரு கிராமத்தில் எப்படிக் கேட்கும்? நிலமுள்ளவர் மகனுக்கு அது ஒரு சொல். வண்ணார் மகனுக்கும், செருப்புத் தைப்பவர் மகனுக்கும், பண்ணையாள் மகனுக்கும் அது வேறொரு சொல். தலைமுறை தலைமுறையாய் அவர்களைக் கட்டிவைத்த கயிற்றைப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் தளர்த்தியது. அந்தப் பள்ளியே, அரை நாள் போதும், மிச்சப் பொழுதுக்கு அப்பனிடம் போ என்று சொன்னால்? பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆசிரியரையோ பெற்றோரையோ சட்டசபையையோ முன்கூட்டிக் கலந்துகொள்ளாமல் திட்டம் வந்ததும் பெருங்குறை. நாளுக்கு 3 மணி வீதம் இரண்டு தொகுதி என்றால் ஆசிரியருக்கு 6 மணி. அதைப்பற்றி எவரும் எங்களைக் கேட்கவில்லை என்று தந்தையார் முதுமையிலும் மனத்தாங்கலோடு சொல்வார்.

அவர் பள்ளியில் நடந்ததுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. பிள்ளைகளை இரு தொகுதியாகப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது? யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. சுலபமான வழி கண்ணெதிரே இருந்தது. காலையில் தமிழ்ப் பிரிவு, மாலையில் தெலுங்குப் பிரிவு. தட்டியை எடுத்துவிடலாம், இரைச்சல் குறையும், இடமும் தாராளம் என்று பள்ளிப் பொறுப்பாளர்கள் மகிழ்ந்தனர். முதல் வாரம் எல்லாம் நன்றாய்த் தோன்றியது. இரண்டாம் வாரத்தில்தான் தந்தையார் கவனித்தார். காலைப் பிள்ளைகள் வெளியேறும்போது மாலைப் பிள்ளைகள் வந்து வாசலில் நிற்பார்கள். முன்பு ஒன்றாய்க் கிட்டிப்புள் ஆடியவர்கள் இப்போது வாசலில் முட்டிக்கொள்கிறார்கள். பலகையை உடைத்தது யார், கிணற்றடி வாளியை எடுத்தது யார் என்று தொடங்கி, அது தமிழ்ப் பசங்கள், இது தெலுங்குப் பசங்கள் என்ற பேச்சு எழுந்தது. அதற்குமுன் அந்தப் பள்ளியில் அப்படி ஒரு பேச்சு இருந்ததில்லை. பெரியவர்கள் தேநீர்க் கடையில் படித்த பத்திரிகைச் செய்தி பிள்ளைகள் வாயில் வசையாய் வந்தது.

அய்யவாருவும் தந்தையாரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள். முதல் இரண்டு வகுப்புகள் இரு மொழியிலும் காலையில் வரட்டும், மேல் வகுப்புகள் மாலையில் வரட்டும் என்பது அது. மேலிடத்துக்கு எழுதினார்கள். பதில் வரவில்லை. வந்தபோது, இருக்கிற ஏற்பாடே தொடரலாம் என்று வந்தது.

அந்த ஜூலை மாதம் ராஜ்யம் முழுவதும் கொந்தளித்தது. திராவிட முன்னேற்றக் கழகம் மும்முனைப் போராட்டம் நடத்தியது; கல்வித் திட்டத்தை எதிர்த்து மறியல் அதில் ஒரு முனை, டால்மியாபுரத்துக்குக் கல்லக்குடி என்ற பழைய பெயர் வேண்டும் என்பது மற்றொரு முனை. கல்லக்குடியிலும் தூத்துக்குடியிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டசபையில் கல்வித் திட்டத்தை நிறுத்தக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138 என்று வாக்குகள் சரிசமமாய் நின்றன, தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் திட்டத்தை நிபுணர் குழுவிடம் விட வேண்டும் என்ற தீர்மானம் 139-க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்தச் சபையில் ஆந்திர உறுப்பினர்களும் இன்னும் அமர்ந்திருந்தனர். பிரியப் போகிறவர்களும் இருக்கப் போகிறவர்களும் கூடி, இருக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் படிப்பது என்று வாக்களித்தனர். வேடிக்கையான நிலைமை அன்றோ!

அக்டோபர் 1 அன்று ஆந்திர ராஜ்யம் கர்நூலில் உதயமாயிற்று. நேரு தொடங்கிவைத்தார். ஆந்திர கேசரி பிரகாசம் முதல் முதன் மந்திரி ஆனார். அதே பிரகாசம் சென்னை ராஜ்யத்துக்கும் 1946-இல் முதன் மந்திரியாய் இருந்தவர் என்பதை நேயர்கள் நினைவுகூரலாம். போதிய கட்டடம் இல்லாமையால் சர்க்கார் காரியாலயங்கள் பல கூடாரங்களில் இயங்கின. சென்னையை விட்டுக் கூடாரத்துக்குப் போன குமாஸ்தாக்களின் மனநிலையை நம்மால் ஊகிக்க முடியும். எங்கள் ஊரிலிருந்து ஒரு தெலுங்குக் குடும்பம் அப்படிப் போயிற்று. வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு ஊரே வந்ததாம்.

அதே அக்டோபரில் ஐரோப்பாவிலும் இதைப்போன்ற ஒரு வழக்கு முற்றியது. வகுப்பில் பூகோளம் நடத்தும்போது நான் இதைச் சொல்வதுண்டு. அட்ரியாடிக் கடற்கரையில் திரியெஸ்த் என்று ஒரு துறைமுக நகரம். நகருக்குள் பெரும்பாலோர் இத்தாலிய மொழி பேசுவோர். சுற்றுக் கிராமங்களில் சுலோவீனிய மொழி பேசுவோர். இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் அதன்மேல் வழக்கு. 1953 அக்டோபர் 8 அன்று, தங்கள் பொறுப்பில் இருந்த பகுதியை இத்தாலியிடம் ஒப்படைப்போம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் அறிவித்தன. எல்லையில் படைகள் குவிந்தன. நவம்பரில் நகரத் தெருக்களில் ஆறு பேர் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபரில் நகரம் இத்தாலிக்கு, தெற்குப் பகுதி யூகோஸ்லாவியாவுக்கு என்று உடன்பாடு ஆயிற்று. நம் வட எல்லையில் படை குவியவில்லை. ஒரே குடியரசின் இரு அறைகளுக்கு நடுவே எழுந்த வழக்கு நம்முடையது. அதற்கே இத்தனை கண்ணீர்.

ஆண்டு முடியும் தறுவாயில் இரண்டு செய்திகள் வந்தன. நவம்பரில் பருலேகர் தலைமையில் அமைந்த நிபுணர் குழு, கல்வித் திட்டம் கொள்கையளவில் சரியே என்று அறிக்கை தந்தது. டிசம்பரில், நாட்டின் ராஜ்யங்களை எல்லாம் திருத்தி அமைப்பது பற்றி ஆராய ஒரு கமிஷன் அமைக்கப்படும் என்று நேரு அறிவித்தார். பசல் அலி, குன்ஸ்ரூ, பணிக்கர் மூவரும் அதன் அங்கத்தினர்கள். ஓர் எல்லைக்கு உண்ணாவிரதம் இருந்தார் ஒருவர். ஓராண்டுக்குள் இந்தியாவின் எல்லைகள் அனைத்தும் மேசைமேல் வந்துவிட்டன.

நிபுணர் குழு ஆதரித்தும் கல்வித் திட்டம் நிலைக்கவில்லை. ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதன் மந்திரி ஆனார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டதாகக் கல்வி மந்திரி சி.சுப்பிரமணியம் அறிவித்தார். ஜூனில் தந்தையாரின் பள்ளியில் மீண்டும் தட்டி வந்தது. தட்டியைக் கண்டு மகிழ்ந்த ஆசிரியர்கள் இவ்வுலகில் அவர்கள் நால்வராய்த்தான் இருக்கக்கூடும். கிட்டிப்புள்ளும் திரும்பியது. ஆனால் தமிழ்க் கட்சி, தெலுங்குக் கட்சி என்று பிரிந்தே ஆடினார்கள் என்று தந்தையார் சொன்னார்.

எல்லை வழக்கு பின்னும் ஆறு ஆண்டுகள் நீண்டது. பட்டாஸ்கர் நடுவராய் அமைந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் தொடர்ச்சியையும் பார்த்து எல்லை வகுத்தார். அதன்படி 1959-இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. மாற்றாக, சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணியில் விழா எடுத்தார்கள், எடுக்க வேண்டியதே. எங்கள் பக்கத்தில் விழா எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று அப்பகுதி திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கு எங்கள் ஊர் இளைஞர்கள் நாள்தோறும் எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிறார்கள். கிருஷ்ணா நதியின் நீர் அதே திசையிலிருந்து எங்கள் ஊர் அருகே நுழைந்து பூண்டிக்குப் போகிறது.

தந்தையாரின் பள்ளி இருந்த கிராமமும் அன்று போன ஊர்களில் ஒன்று. அந்த ஊரைக் கொண்டுபோன எண்ணிக்கையில், தாம் 1951-இல் தம் கையால் எழுதிய ஒரு வரியும் சேர்ந்திருந்தது என்பதை அவர் நன்றாக அறிவார். அதைப்பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினார். எழுதியது பொய்யில்லை என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் மாற்றம் கேட்டு ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கு வந்தார். அய்யவாரு அங்கேயே இருந்துவிட்டார். தமிழ்ப் பிரிவில் புதிதாய்ச் சேர்வோர் இல்லை; முன்பே சேர்ந்த ஏழு பிள்ளைகள் மட்டும் எஞ்சியிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் தந்தையார் சைக்கிளில் ஆற்று மணலைக் கடந்து போய், அய்யவாருவின் வீட்டுத் திண்ணையில் அந்த ஏழு பேருக்கும் தமிழ்ப் பாடம் நடத்திவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாராம். மழைக்காலத்தில் ஆறு வந்தால் அந்த வாரம் பாடம் இல்லை. 1963-இல் கடைசிப் பையன் ஐந்தாம் வகுப்பு முடித்தான். அதன்பின் அவர் போகவில்லை. சைக்கிள் எங்கள் வீட்டில் வெகுநாள் இருந்தது. நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றது அதில்தான்.